திரையில் கேட்கப்படும் ஜகாத்தும் கொடுப்பவரின் பொறுப்பும்

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு தாயார் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டிருந்தார். ரமலானில் ஸஹர் உணவை முடித்துக்கொண்டு, ஃபஜ்ரு பாங்கை எதிர்பார்த்து அமர்ந்திருந்த வேளையில் தொலைக்காட்சியில் ஒரு மார்க்க நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். பயான் முடிந்ததும், ஜகாத், ஸதகா, பித்ரா எதுவாயினும் அனுப்பலாம் என்று அறிவித்து, வங்கிக் கணக்கு எண்ணையும் க்யூஆர் கோடையும் திரையில் காட்டியிருக்கிறார்கள். உள்ளம் உருகிய அத்தாயார், தம் நகைக்குரிய ஜகாத்தில் 10,000 ரூபாயை மகனின் செல்போன் மூலம் அந்த நிமிடமே அனுப்பிவிட்டார். பெருநாள் கழிந்த பின்னர், அப்பணம் ஏழைகளுக்குப் போகவில்லை, ஒளிபரப்பு நேரம் வாங்கிய செலவுக்கே போயிற்று என்று ஒருவர் சொல்லக் கேட்டுக் கலங்கிப் போனார்.

"என் ஜகாத் நிறைவேறியதா, மறுபடியும் கொடுக்க வேண்டுமா? பக்கத்து வீட்டில் கணவனை இழந்த ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். அவளுக்குக் கொடுக்காமல் எங்கோ அனுப்பிவிட்டேனே என்று மனம் உறுத்துகிறது" என்பது அவருடைய கேள்வி.

இக்கேள்வியை நாம் ஒருவருடைய சொந்தக் கேள்வியாக மட்டும் எண்ணவில்லை. முன்பெல்லாம் ஜகாத் கேட்டு வருபவர் நம் வாசலுக்கு வருவார். கையில் ரசீதுப் புத்தகமும், மதரஸாவின் கடிதமும் இருக்கும். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் எழுந்து நின்று கேட்டால், இமாம் அவர்களும் முத்தவல்லியும் அவரை விசாரித்திருப்பார்கள். இன்று கேட்பவரின் முகம் திரையில் தெரிகிறது. ஆனால் அவர் யார், அவருடைய கணக்கை யார் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, இத்தகைய வசூலை அரசாங்கங்கள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன, நம் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் கொடுப்பவருடைய பொறுப்பு என்ன என்பதை இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

பிரிட்டனில் நடந்தது

முதலில் நம் சமுதாயத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்வோம். பிறர் வீட்டுக் குறையைப் பேசுவதற்கு முன் நம் வீட்டைப் பார்ப்பதே முறை.

பிரிட்டனில் ஒளிபரப்புத் துறையைக் கண்காணிக்கும் அமைப்புக்கு ஆஃப்காம் என்று பெயர். அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம், மார்க்க நிகழ்ச்சிகள் பார்ப்பவர்களின் பக்தியையும் பலவீனத்தையும் முறைகேடாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்ற பொறுப்பை ஒளிபரப்பாளர் மீது சுமத்துகிறது. 2010ஆம் ஆண்டில் நூர் டி.வி. என்ற முஸ்லிம் தொலைக்காட்சியில் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1,000 பவுண்டு நன்கொடை தருபவர்களுக்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்து மண் சிறப்பு அன்பளிப்பாகக் கிடைக்கும் என்றும், அவர்களுக்காக துஆச் செய்யப்படும் என்றும் அதில் அறிவித்தார்கள். ஆஃப்காம் இதை விசாரித்து, மக்களின் மார்க்கப் பற்றை முறைகேடாகப் பயன்படுத்திய குற்றம் என்று முடிவு செய்து, 2011ஆம் ஆண்டில் 75,000 பவுண்டு அபராதம் விதித்தது.

சகோதரர்களே, பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயரைச் சொன்னால் கண் கலங்காத முஸ்லிம் உண்டா? அந்தக் கண்ணீருக்கு 1,000 பவுண்டு என்று விலை வைத்துவிட்டார்கள். அதைத் தவறென்று சொல்ல முஸ்லிமல்லாத ஓர் அரசாங்கத்தின் அதிகாரிகள் வரவேண்டியிருந்தது என்பதை நினைத்து நாம் வெட்கப்பட வேண்டும்.

பார்வையாளர்களிடம் தம் சேவைக்காக நிதி கேட்கும் ஒளிபரப்பாளர்களுக்கு அந்நாட்டு விதித்தொகுப்பு வகுத்துள்ள நிபந்தனைகளில் நான்கைக் கவனியுங்கள். ஒன்று, எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் எவ்வளவு வசூலாயிற்று என்பதையும் பார்ப்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு, வந்த நன்கொடைக்குத் தனிக் கணக்கு வைத்து, எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கே செலவிட வேண்டும். மூன்று, கொடுப்பவருக்குப் பரிசு, சலுகை எதையும் காட்டி ஆசையூட்டக் கூடாது. நான்கு, ஒளிபரப்பு முழுவதையும் வசூலே அடைத்துக்கொள்ளும்படி செய்யக் கூடாது.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆஃப்காம் விதிக்கும் அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகிறது. ஜகாத் என்று நினைத்து ஒருவர் கொடுத்த பணத்தை அந்த அபராதம் எந்த ஏழையின் கையிலும் சேர்ப்பதில்லை. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். நம்முடைய ஃபர்ளை நமக்காக நிறைவேற்றித் தராது.

அமெரிக்காவும் சிங்கப்பூரும்

தொலைக்காட்சி மூலம் மதத்தின் பெயரால் நிதி திரட்டுவது பெரிய அளவில் வளர்ந்தது அமெரிக்காவில்தான். அங்கே ஜிம் பேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரசங்கியார் பி.டி.எல். என்ற ஒளிபரப்பை நடத்தி வந்தார். கொரியா, பிரேசில் முதலிய வெளிநாட்டுப் பணிகளுக்கென்று திரட்டிய பணம் வேறு செலவுகளுக்குப் போனதா என்று 1979ஆம் ஆண்டிலேயே மத்திய தகவல் தொடர்பு ஆணையம் விசாரணை தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் அவ்வாணையம் நாலுக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் விசாரணையை முடித்துக்கொண்டு, தொலைக்காட்சி நிலையத்தைக் கைமாற்றிவிட அனுமதித்தது.

அதன் பிறகுதான் பெரிய மோசடி நடந்தது. 1,000 டாலர் கொடுப்பவர்கள் ஆண்டுதோறும் மூன்று இரவுகள் தங்கள் விடுதியில் இலவசமாகத் தங்கலாம் என்று 1984 முதல் 1987 வரை திரையில் வாக்களித்தார்கள். விடுதியில் இடமளிக்க முடிந்த அளவுக்கு மேல் பல்லாயிரம் பேரிடம் பணம் பெற்றுக்கொண்டார்கள். 1989ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து 45 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பின் தண்டனை குறைந்து, 1994ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார்.

முதல் விசாரணைக்கும் தீர்ப்புக்கும் இடையில் பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தப் பத்து ஆண்டுகளும் சாதாரண மக்கள் நம்பிக்கையோடு பணம் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். பிற சமயத்தாரை இழிவுபடுத்த நாம் இதைச் சொல்லவில்லை. எந்தச் சமயமானாலும், கேட்பவன் கணக்குக் காட்டாமலும் கொடுப்பவன் கணக்குக் கேட்காமலும் இருந்தால் முடிவு ஒன்றுதான் என்பதை உணர்வதற்காகச் சொல்கிறோம்.

தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சிங்கப்பூரிலும் இத்தகைய அனுபவம் உண்டு. ரென் சி என்ற மருத்துவமனைக்காகத் தொலைக்காட்சியில் சாகசங்கள் செய்து காட்டி நிதி திரட்டி மக்களிடம் புகழ் பெற்றிருந்த மிங் யி என்ற பௌத்தத் துறவி, நிதியிலிருந்து அனுமதியின்றிக் கடன் கொடுத்ததற்காகவும் அறக்கொடை ஆணையரிடம் பொய்த் தகவல் தந்ததற்காகவும் 2009ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார். இன்று அந்நாட்டில், நிதி திரட்டுவதற்கு ஆகும் செலவு திரட்டிய தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கு ஜகாத் வசூலும் விநியோகமும் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் சட்டப்படி நடக்கின்றன.

நம் நாட்டுச் சட்டம்

இனி நம் நாட்டைப் பார்ப்போம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் கட்டுப்படுத்துவதற்கு, 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும், 1994ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பக் கூடாது என்று நிகழ்ச்சி விதி கூறுகிறது. முழுவதுமாகவோ பெரும்பாலுமாகவோ மத நோக்கம் கொண்ட விளம்பரங்களை அனுமதிக்கக் கூடாது என்றும், நிரூபிக்க முடியாத அற்புத சக்தி ஒரு பொருளுக்கு உண்டு என்று மக்கள் எண்ணும்படி விளம்பரம் செய்யக் கூடாது என்றும் விளம்பர விதி கூறுகிறது.

இவை நல்ல விதிகளே. ஆனால் பிரிட்டன் விதித்தொகுப்பில் நாம் பார்த்தது போல, திரையில் திரட்டிய நன்கொடைக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும், வசூலைப் பார்வையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டளை இவற்றில் இல்லை. பயானின் இறுதியில் ஒருவர் கையேந்தி ஜகாத் கேட்டால், அந்த ஜகாத் எங்கே போயிற்று என்று இவ்விதிகளைக் கொண்டு கேட்பது எளிதன்று.

வெளிநாட்டுப் பணத்தைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் மிகவும் கண்டிப்பானது. 1976ஆம் ஆண்டில் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குப் பதிலாக 2010ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2011 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி பதிவோ அனுமதியோ பெறாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் ஒளிபரப்பும் நிறுவனங்கள் அறவே வாங்கக் கூடாது. வாங்கிய பணத்தை எதற்காக வாங்கினார்களோ அதற்கே செலவிட வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடை செய்தது.

இங்கே நம் வாசகர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் சகோதரர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் இங்குள்ள ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகும். பதிவில்லாத அமைப்பு அதை வாங்குவது குற்றம். கொடுப்பவரின் எண்ணம் தூய்மையானது என்பதால் இந்தச் சட்டத்தை மீறலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அரசாங்கம் தலையிடலாமா?

"ஜகாத் என்பது இபாதத். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கிறார்கள். இபாதத்தில் எவரும் தலையிடக் கூடாது என்பது உண்மை. ஆனால் பொதுமக்களிடம் பணம் வாங்கியவனிடம் கணக்குக் கேட்பது இபாதத்தில் தலையிடுவது ஆகாது. அது நம் மார்க்கத்திலேயே வேரூன்றிய நடைமுறை.

அபூஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம் பெற்றுள்ள சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை பனூ ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு என்றும், மற்றொரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றும் பிரித்துக் காட்டினார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உம்மைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். பின்னர் மிம்பரில் ஏறி, இப்படி எடுத்துக்கொள்பவன் கியாமத்து நாளில் அதைத் தன் கழுத்தில் சுமந்து வருவான் என்று எல்லோரையும் எச்சரித்தார்கள்.

வசூலிப்பவர் ஒரு ஸஹாபி. அனுப்பியவர் அல்லாஹ்வின் தூதர். அங்கேயே கணக்குக் கேட்கப்பட்டது என்றால், இன்று திரையில் தோன்றி வசூலிப்பவர் மட்டும் கணக்குக்கு அப்பாற்பட்டவர் ஆவது எப்படி? ஹளரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் குறித்து வைத்து, பின்னர் மிகுந்திருந்தால் விசாரித்தார்கள் என்பதும் நாம் அறிந்த வரலாறே. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற நூலில் முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் கடமைகளைக் கூறும்போது, வசதி இருந்தும் மக்களிடம் கையேந்துபவனைக் கண்டித்துத் தடுப்பதையும் அவற்றுள் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே, கேட்பவர்களை ஒழுங்குபடுத்துவது நம் முன்னோர்களுக்குப் புதிதன்று.

எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே அளவுகோலை வைத்து, கணக்கைக் கேட்பதோடு அரசாங்கம் நிற்குமானால் நாம் அதை வரவேற்க வேண்டும். ஒரு சமயத்தாரிடம் கண்டிப்பும் மற்றொரு சமயத்தாரிடம் தாராளமும் காட்டினால் அது அநீதி. சட்டத்துக்கு உட்பட்டு அதை எடுத்துச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் அநீதி நடக்கலாம் என்ற அச்சத்தைக் காட்டி, கணக்கே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

இப்போது மஸ்அலாவின் மையத்துக்கு வருவோம். ஜகாத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை அல்லாஹுதஆலா தன் திருமறையில் தவ்பா சூராவின் 60ஆம் வசனத்தில் எட்டு வகையினராக வரையறுத்துவிட்டான். ஃபகீர்கள், மிஸ்கீன்கள், ஜகாத்தை வசூலிக்கும் பணியாளர்கள், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர்கள், அடிமைத்தளையில் இருப்பவர்கள், கடனாளிகள், அல்லாஹ்வின் பாதையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் என்பன அந்த எட்டு. இதில் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் அதிகாரமில்லை.

ஹனஃபீ மத்ஹபின்படி, ஜகாத் நிறைவேற 'தம்லீக்' அவசியம். அதாவது, தகுதியுள்ள ஒரு மனிதருக்கு அப்பணம் உடைமையாகிவிட வேண்டும். இதனால்தான் பள்ளிவாசல் கட்டவும், பாலம் போடவும், மய்யித்துக்குக் கஃபன் வாங்கவும் ஜகாத்தைச் செலவிட்டால் அது நிறைவேறாது என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கே கூடாது என்றால், ஒளிபரப்பு நேரத்துக்கும் ஒளிப்பதிவுக் கருவிக்கும் எப்படிக் கூடும்?

அல்லாஹ்வின் பாதை என்ற பிரிவில் மார்க்கப் பிரச்சாரமும் அடங்கும் என்று நம் காலத்து ஆலிம்களில் சிலர் கூறுகிறார்கள். 2022ஆம் ஆண்டில் மறைந்த யூஸுஃப் அல்கர்ளாவீ அவர்கள் தம் ஜகாத் நூலில் இக்கருத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் அப்பிரிவுக்கு இவ்வளவு விரிந்த பொருள் கொடுக்கவில்லை. மேலும், விரிவான கருத்தை ஏற்பவர்களும்கூட, ஏழைகளுக்கென்று சொல்லி வாங்கியதைப் பிரச்சாரத்துக்குத் திருப்பலாம் என்று கூறவில்லை. சொல்லி வாங்கியது ஒன்று, செய்தது ஒன்று என்றால் அது எந்த மத்ஹபிலும் கியானத்தே.

"வசூலிப்பவருக்கும் பங்கு உண்டே" என்று சொல்லலாம். உண்டு. ஆனால் அந்தப் பணியாளர் இஸ்லாமிய ஆட்சித் தலைவரால் நியமிக்கப்பட்டவர். அவருக்கும் அளவு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் எட்டில் ஒரு பங்கு. ஹனஃபீ மத்ஹபில் உழைப்புக்கு ஏற்ற கூலி, அதுவும் வசூலில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் தாமாக வசூலிக்க முன்வருபவர் அத்தகைய பணியாளர் அல்லர். அவர் நம்முடைய வக்கீல், அதாவது நம் சார்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்றே நம் நாட்டு ஹனஃபீ ஆலிம்களில் பலர் கூறுகிறார்கள். வக்கீலின் கையில் இருக்கும் வரை அது இன்னும் நம் பணமே. அவர் தகுதியுள்ளவரிடம் சேர்த்த பின்னரே நம் கடமை தீரும்.

இன்னும் ஒரு நுட்பமான சட்டத்தைக் கவனியுங்கள். ஒருவர் நன்கு விசாரித்து, ஏழை என்று நம்பி ஜகாத் கொடுக்கிறார். பிறகு பெற்றவர் வசதியுள்ளவர் என்று தெரிகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரின் கருத்துப்படி அந்த ஜகாத் நிறைவேறிவிடும். ஆனால் சந்தேகம் இருந்தும் விசாரிக்காமல் கொடுத்து, பின்னர் பெற்றவர் தகுதியற்றவர் என்று தெரிந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். விசாரித்தல் என்பது பிறரைச் சந்தேகிக்கும் கெட்ட குணம் அன்று. நம் இபாதத்தைப் பாதுகாக்கும் கடமை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஊரின் உரிமை

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பிற்காலத்தில் முஆத் (ரலி) அவர்கள் யமனின் ஜகாத்தில் ஒரு பகுதியை மதீனாவுக்கு அனுப்பியபோது, ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அதை உடனே ஏற்றுக்கொள்ளாமல் ஆட்சேபித்ததையும், இங்கே வாங்குவதற்கு ஆள் இல்லாததால்தான் அனுப்பினேன் என்று முஆத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்ததையும் அபூஉபைத் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் அம்வால்' என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். மதீனாவுக்கு அனுப்புவதற்கே காரணம் கேட்கப்பட்டது!

ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி, ஊரில் தகுதியுள்ளவர் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்கு அனுப்பக் கூடாது. ஹனஃபீ மத்ஹபில் அது மக்ரூஹ். வெளியூரில் உறவினர் இருந்தாலோ, அங்கே தேவை அதிகமாக இருந்தாலோ அனுப்பலாம். வெள்ளமும் பூகம்பமும் வந்த இடங்களுக்கு அனுப்புவது இந்த அனுமதியில் அடங்கும். ஆனால் விக்கிரமங்கலத்தில் பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள் பசித்திருக்க, முகமறியாத ஒரு கணக்குக்கு அனுப்புவது நல்ல முறையாகாது.

திரையில் கேட்பவருக்கு இசையும் காட்சியும் துணைக்கு வருகின்றன. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவை இல்லை. அவள் வாய் திறந்து கேட்பதுமில்லை. கேட்காமல் மானத்தோடு இருப்பவர்களைத் தேடிக் கொடுக்கும்படி திருமறை நம்மைத் தூண்டுகிறது. கொடுத்தவர் பெயரும் தொகையும் திரையின் அடியில் ஓடுவதில் நம் மனம் மகிழ்கிறது என்றால், அங்கேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே. ஏழைகளுக்கு மறைத்துக் கொடுப்பது அதைவிட நல்லது என்பது பகரா சூராவின் 271ஆம் வசனம் தரும் படிப்பினை.

அத்தாயாருக்கு நம் பதில்

இனி அக்கேள்விக்கு வருவோம். அம்மா, தாங்கள் அனுப்பிய பணத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. எண்ணத்தின்படியே செயல்கள் கணிக்கப்படுகின்றன. அது வீணாகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். ஆனால் கூலி வேறு, கடமை தீர்வது வேறு.

முதலில் அவர்களுக்கு எழுதியோ பேசியோ கேளுங்கள். இன்ன தேதியில் இவ்வளவு தொகை ஜகாத் என்று அனுப்பினேன், அது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்பது தங்கள் உரிமை. ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி அவர்களைக் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. ஜகாத்துக்குத் தனிக் கணக்கு வைத்து ஏழைகளுக்குக் கொடுத்ததாக நம்பத்தகுந்த பதில் வந்தால், தங்கள் கடமை தீர்ந்தது.

அது ஒளிபரப்புச் செலவுக்கே போயிற்று என்று உறுதியானால், ஹனஃபீ சட்டப்படி அந்த 10,000 ரூபாய் ஸதகாவாகுமே தவிர ஜகாத் ஆகாது. அதைத் தாங்கள் மறுபடியும் கொடுக்க வேண்டும். ஏழைகளுக்கென்று சொல்லி வாங்கி மாற்றிச் செலவிட்டிருந்தால், அத்தொகையைத் திருப்பித் தரும் பொறுப்பு அவர்கள் மீது இருக்கிறது. பதிலே வராமல் சந்தேகம் நீடித்தால், மறுபடியும் கொடுத்துவிடுவதே பேணுதல். ஒரே தடவையில் முடியாவிட்டால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவராக இருந்தால், அணிவதற்கு வைத்திருக்கும் அளவோடு கூடிய நகைக்கு ஜகாத் இல்லை என்ற சட்டமும் உண்டு என்பதால், தங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லித் தீர்ப்புப் பெற்றுக்கொள்வது நல்லது.

மறுபடியும் கொடுக்கும்போது, பக்கத்து வீட்டுச் சகோதரி நிஸாபுக்குக் குறைவான நிலையில் இருந்தால் அவரிடமே கொடுங்கள். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளத்தில் நிய்யத் இருந்தால் போதும். பெருநாள் துணிக்கு, பிள்ளைகள் படிப்புக்கு என்று அவர் மனம் நோகாமல் கொடுத்துவிடலாம்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மற்ற வாசகர்களும் திரையில் வரும் எந்த வேண்டுகோளுக்கும் பணம் அனுப்புமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வமைப்பு பதிவு செய்யப்பட்டதா? வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனி மனிதர் பெயரில் இருக்கிறதா? ஜகாத்தும் பொது நன்கொடையும் தனித்தனிக் கணக்கில் வைக்கப்படுகின்றனவா? ஒளிபரப்புச் செலவும் ஊழியர் சம்பளமும் எதிலிருந்து எடுக்கப்படுகின்றன? சென்ற ஆண்டு தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா? ரசீது வருமா? இவற்றுக்குத் தெளிவான பதில் தருபவருக்குக் கொடுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுபவருக்குக் கொடுக்காதீர்கள்.

மார்க்க நிகழ்ச்சிகள் நடப்பதற்கும் பணம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்கு விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கலாம், அது நற்செயலே. ஆனால் அதைக் கேட்பவர்கள் ஒளிபரப்புச் செலவுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கட்டும். ஏழையின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஜகாத்தும் கேட்பதாக இருந்தால், ரமலான் முடிந்த பின் அதே திரையில், அதே நேரத்தில், வந்தது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்று அறிவிக்கட்டும். கேட்பதற்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், கணக்குச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைக்காதா?

அரசாங்கத்தின் விதி இன்று இருக்கும், நாளை மாறும். ஒரு நாட்டில் கண்டிப்பாகவும் மற்றொரு நாட்டில் தளர்ச்சியாகவும் இருக்கும். அல்லாஹ்வின் முன் கொடுத்தவரும் வாங்கியவரும் கணக்குச் சொல்ல வேண்டிய நாளோ மாறாதது. அந்நாளை முன்வைத்துக் கொடுப்பவர்களாகவும், அந்நாளை அஞ்சி வாங்குபவர்களாகவும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.